வாசல் இல்லாக் கோலம்

நல்லதண்ணி என்னும் ஊர்ப்பெயரை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. மாணவர் கட்டுரைகளில் 'தண்ணி' என்று வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் 'தண்ணீர்' ஆக்கிவிடுவது என் நெடுநாளைய தொழில். பிராசீன பாடசாலையிலே இலக்கணம் கற்ற கை அது; சும்மா இருக்காது. ஆயினும் இவ்வூர்ப் பெயர்ப்பலகைக்கு முன் மட்டும் அக்கை தாழ்ந்துவிடும். மலைச்சாரலில் நடந்து களைத்த எவரோ ஒருவர் ஓடைநீரை அள்ளிப் பருகி மனங்குளிர்ந்து சொன்ன சொல் இது என்றே நான் எண்ணிக்கொள்வதுண்டு. அந்த மனிதரிடம் போய் இலக்கணம் பேசுவதற்கு எனக்குத் துணிவில்லை.

அற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக வரும் பஸ் இவ்வூரோடு நின்றுவிடும். அதற்கப்பால் கால்களே கதி. மார்கழிக்கு முன்பின்னாக வரும் உந்துவப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையில், 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஏறுகின்ற மக்கள் இரவு பகலாக இவ்வழியே செல்வர். சைவர் சிவன் பாதம் என்பர்; பௌத்தர் புத்தர் பாதம் என்பர்; இஸ்லாமியரும் கிறித்தவருள் ஒரு சாராரும் ஆதாமின் அடிச்சுவடு என்பர். நால்வகை மக்களும் 5,000க்கு மேற்பட்ட படிகளை ஏறிச் சென்று காண்பது, தரையிலே பதிந்த ஒரு சுவட்டைத்தான். தரையில் உள்ள ஒரு குறியை இத்துணைப் பக்தியோடு நாடிச் செல்லும் வழியில், தரைச்சித்திரம் ஒன்று தீட்ட வேண்டும் என்று எங்கள் பகுதி இளைஞர் சிலர் சென்ற ஆண்டு முடிவில் எண்ணங் கொண்டனர். ஊரார் அனைவரும் கூடித் தீட்டும் சித்திரம். யாத்திரிகர் நடந்து செல்லும் சிமெந்துத் தளத்திலே, வண்ணப்பூச்சினால். என்னிடம் யோசனை கேட்டு வந்தனர். அந்த யோசனையிலே எனக்குக் கிடைத்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரையில் எழுதும் கலை நமக்குப் புதிதன்று. கோலம் என்னும் சொல்லுக்கே அழகு என்றும் வடிவு என்றும் ஒப்பனை என்றும் பொருள் உண்டு. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே, தை மாதத்தில் தரையைத் துப்புரவாக்கி மண்டலம் இட்டு நுண்மணலால் தெருவை அணிசெய்யும் கன்னியரைக் காண்கிறோம். அதே நூலில் கூடல் இழைக்கும் பகுதி ஒன்றும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டமாகக் கோடு கிழிக்கவேண்டும். கோட்டின் இரு முனையும் கூடிவிட்டால் நினைத்தவன் வருவான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ சிற்றில் பருவம் என ஒரு பருவமே வகுத்தனர். தெருமணலில் சிறுமியர் கட்டிய சின்னஞ்சிறு வீட்டை, பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை தன் சிற்றடியால் அழிக்க வருவான். அழிக்காதே என்று அவர்கள் இரந்து நிற்பர். தரையில் செய்தது காலில் அழியும் என்பது சிறுமியருக்குத் தெரியாததன்று. தெரிந்தே செய்கின்றனர், தெரிந்தே இரக்கின்றனர்.

இத்தனையையும் அவ்விளைஞர்களுக்கு நான் எடுத்துரைத்தேன். பொறுமையோடு கேட்டனர் என்று சொல்லவேண்டும். கேட்டு முடித்தபின், "எதை வரைவது, சேர்?" என்றனர்.

மூன்று கருத்துகள் எழுந்தன. திருவடிச் சுவட்டையே வரையலாம் என்றான் ஒருவன். மலையுச்சியில் வணங்கப்போகும் வடிவை அடிவாரத்திலே மிதித்துவிட்டு ஏறுவதா என்றேன். அவன் கெட்டிக்காரன், கண்ணன் பிறந்த நாளில் வாசலிலிருந்து பூசையறை வரை குழந்தைப் பாதங்களை நாமே வரைகிறோமே என்று மடக்கினான். உண்மைதான். ஆனால் அவை வீட்டுக்குள் வருகின்ற பாதங்கள். நாம் அவற்றுக்கு ஒதுங்கி நடப்போம். நாற்சமயத்தார் நெருக்கியடித்துச் செல்லும் வழியிலே ஒதுங்க இடம் ஏது? பிறர் மனம் புண்படுமாயின் அடுத்த நாளே அது பொலிஸ் நிலையத்து வழக்காகும். அக்கருத்தை அவனே கைவிட்டான்.

தமிழ் எழுத்துகளை அழகாக எழுதலாம் என்றான் மற்றொருவன். என்னை மகிழ்விக்கச் சொன்னான் போலும். ஒரு புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குலம் நாம். வங்காளிகளைப் பாருங்கள். 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் தாய்மொழிக்காக உயிர்நீத்தவர்களை நினைந்து, டாக்காவிலே ஆண்டுதோறும் அந்நாளுக்கு முன், நுண்கலை மாணவரும் ஆசிரியரும் கூடி நினைவுச்சின்னத்தைச் சூழ்ந்த வீதிகளில் அல்பனா என்னும் கோலத்தைப் பெரிதாகத் தீட்டுகின்றனர். விடிந்ததும் மக்கள் வெறுங்காலோடு, கையில் மலரேந்தி, அக்கோலத்தின்மேல் நடந்து செல்வர். ஆனால் மொழிக்காக எடுக்கும் அவ்விழாவிலும், எழுத்தும் வாசகமும் சுவரிலே. கொடியும் பூவும் தரையிலே. இந்தப் பாகுபாட்டை அவர்களுக்கு எவரும் சட்டமாக இயற்றிக் கொடுத்ததாக நான் அறியேன்.

மூன்றாவது கருத்துக்குத்தான் எல்லாருடைய தலையும் ஒருமிக்க அசைந்தது. என் தலையும் அசைந்தது என்பதை மறைக்கமாட்டேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைத் தளம் முழுவதும் நிறையத் தீட்டலாம் என்பதே அது. முதுகிலே கூடை, தலையிலே முக்காடு, பின்னால் பச்சை மலை. கைத்தொலைபேசியில் அப்படியொரு படத்தையும் எடுத்துவைத்திருந்தனர். அதைக் கட்டங்கட்டமாகத் தாளில் பிரித்து, அவ்வாறே தரையிலும் கட்டங்களை நூல்பிடித்துப் பெரிதாக்குவது திட்டம்.

அவ்வேளையில் மாணவன் ஒருவனுடைய தாயார் மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு மகனைத் தேடி அங்கே வந்தார். படத்தை அவரிடம் காட்டினோம். சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "வாத்தியாரய்யா, எங்களத்தான் எல்லா டின்னுலயும் போட்டிருக்காங்களே. மிதிக்கிற எடத்துலயும் போடணுமா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எங்களில் எவர்க்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு வீட்டிலே தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து விளக்கருகே வைத்துப் பார்த்தேன். முப்பதாண்டுகள் அதிலிருந்து தேயிலை எடுத்துக் குடித்திருக்கிறேன். அதிலுள்ள பெண்ணை நான் கண்டதில்லை. தேயிலை விற்கும் பெட்டியில் அவள், சுற்றுலா விளம்பரத்தில் அவள், நாட்காட்டியில் அவள், விடுதிச் சுவரில் அவள். 1823ஆம் ஆண்டளவில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டு, மலையகத்தார் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனோம். இந்த இருநூறு ஆண்டுகளில் அவளை வரைந்தவர் எத்தனையோ பேர். அவள் கையில் தூரிகையைக் கொடுத்தவர் யார்? அவ்வாறு கொடுக்கத் தேவையுமில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பீலிக்கரையில் நீர் எடுத்து, வாசலில் சாணம் தெளித்து, பிரட்டுக்குப் போகுமுன் நாள்தோறும் ஒரு சித்திரம் எழுதுகிறவள் அவள். சித்திரக்காரியின் படத்தைத் தரையில் எழுத நாங்கள் கட்டம் கட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அத்தாயாரின் லயத்துக்குச் சென்றேன். உண்மையில் வாசல் என்று அங்கே சொல்லத்தக்கது, இஸ்தோப்புப் படிக்கும் முன்னால் ஓடும் கானுக்கும் இடைப்பட்ட இரண்டு முழ நிலந்தான். அதிலே ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று பாதி அழிந்து கிடந்தது. பக்கத்துக் காம்பராவின் முன்னும் ஐந்து புள்ளி, அதற்கடுத்ததிலும் அவ்வாறே. நீளமான லயம் முழுவதும் சின்னஞ்சிறு கோலங்கள். "இதுக்கு மேல போட்டா கானுக்குள்ள போயிரும்" என்றார் அவர். தம் பாட்டி 21 புள்ளிக் கோலம் அறிந்தவர் என்றும், தமக்குச் சொல்லிக் கொடுத்தார் என்றும், ஆனால் அதைத் தாம் ஒருநாளும் முழுதாக நிலத்தில் இட்டதில்லை என்றும் கூறினார். மகனுடைய பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் அதைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். நான் கணக்கு வாத்தியார் அல்லன். ஆயினும் வீடு திரும்பிக் கூட்டிப் பார்த்தேன். நடுவரிசையில் 21 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 11 புள்ளி வரை, இடைப்புள்ளியாக வைத்தால் மொத்தம் 331 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண் விட்டால் அகலம் 15 அடி. நாலு விரல் விட்டு நெருக்கினாலும் ஐந்து அடி. இரண்டு முழ வாசலில் அதை எங்கே இடுவது?

பாட்டனும் பாட்டியும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற சீமைகளிலிருந்தும் தோணியேறி வந்து காட்டுவழி நடந்தபோது, மூட்டையில் இடம் கேட்காமல் உடன்வந்த பொருள் அந்தப் பெருங்கோலம். வழியிலே நோயும் பசியும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. கோலம் பிழைத்து வந்தது. இங்கே வந்தபின், இடமில்லாமையால், ஐந்து புள்ளியாகச் சுருங்கிப் போயிற்று. அந்த இரண்டு முழமும் அவருக்குச் சொந்தமன்று என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. லயம் தோட்டத்தினுடையது. சில இடங்களில் தனிவீடும் 7 பேர்ச் காணியும் வழங்கப்பட்டிருப்பது நல்லதே. லயத்துக் காம்பராவிலேயே பிறந்து அதிலேயே கண்மூடுவோர் இன்னும் பலர். காணி உரிமை பற்றிப் பேசுவோர் வீட்டின் அளவைப் பேசுகின்றனர். சமையலறை பற்றியும் மலகூடம் பற்றியும் பேசுகின்றனர். வாசலின் அளவைப் பேச ஒருவரும் இல்லை. ஒரு கலை சுருங்கியதற்கு நில அளவை காரணமாகக்கூடும் என்பது, நானே அந்தக் கானருகில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே இளைஞர்களிடம் நான் சொன்ன யோசனை ஒன்றுதான். நல்லதண்ணியிலே தரைச்சித்திரம் வேண்டும். அது எந்த லயத்து வாசலும் தாங்காத பெருங்கோலமாக இருக்கட்டும். அதை இடுபவர் கோலம் இடும் பெண்களாக இருக்கட்டும். இளைஞர் நூல் பிடிக்கட்டும், வாளி சுமக்கட்டும்.

இதனைக் குறைவான கலை என்று எண்ணுவார்க்கு ஒன்று சொல்வேன். சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்னும் அறிஞர் மூவர், கம்பிக் கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியலார் கையாளும் இலக்கண முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். கோலத்துக்கு இலக்கணம் உண்டென்பதைக் கணிதம் பயின்றவர் கண்டெழுதினர். இலக்கணமே தொழிலாகக் கொண்ட பண்டிதராகிய நாங்கள் அதன்மேல் செருப்போடு நடந்து பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் 1919இலேயே பெண்களின் நோன்பு அல்பனாக்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். கேரளத்திலே அரிசிமா, மஞ்சள், கரி முதலிய ஐவண்ணப் பொடியால் பத்திரகாளியின் வடிவைக் களமாக எழுதுகின்றனர். பல மணிநேரம் எழுதியதை வழிபாட்டின் முடிவில் ஆடி அழித்துவிட்டு, அப்பொடியைப் பிரசாதமாக வழங்குகின்றனர்.

வண்ணப்பூச்சுக்கு நான் பகைவன் அல்லேன். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்தபின் நாடெங்கும் இளைஞர் தாமாகவே வீதிச் சுவர்களில் சித்திரம் தீட்டினரே, அந்த ஊக்கத்தைக் கண்டு மகிழ்ந்தவன் நான். மன்னரையும் போர்வீரரையும் யானையையும் மயிலையும் எழுதினர். சில சுவர்களில் எவருடைய கதை எழுதப்பட்டது, எவருடைய கதை விடப்பட்டது என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. வெயிலும் மழையும் தம் வேலையைச் செய்ய, அவற்றுள் பல இன்று பொருக்குவிட்டு உதிர்கின்றன. உதிர்ந்த சுவரைத் திரும்ப எழுத ஒருவரும் வரவில்லை. கோலம் இடுகிறவளோ மறுநாள் காலையில் வருகிறாள். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் சென்னை பெசன்ட் நகரில், இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவிலே கோலமிட்ட பெண்களைப் பொலிசார் பிடித்துச் சென்றனர். அடுத்த நாட்களில் எத்தனையோ வீட்டு வாசல்களில் அதே கோலம் மலர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பல பத்தாண்டுகள் நாடற்றவர் என்று பெயர் சுமந்த மக்கள் நாங்கள். அச்செய்தியைப் படித்தபோது அரிசிமாவுக்கு இத்தனை கனம் உண்டா என்று வியந்தேன்.

இனிச் செய்முறை பற்றிச் சில சொற்கள். பளபளக்கும் எனாமல் பூச்சு தரைக்கு ஆகாது. இது மழை ஊர். அடிக்கடி மூடுபனி இறங்கும். நனைந்த எனாமலில் வெறுங்கால் வழுக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் முற்றத்தை அவ்வாறு பூசி, முதல் மழையிலேயே முதியவர் ஒருவர் இடுப்பொடிந்ததை நான் நேரில் கண்டவன். பூச்சு வேண்டுமாயின் வெளித்தளத்துக்குரிய மங்கற் பூச்சில் கழுவி உலர்த்திய ஆற்றுமணலைக் கலந்து பூசுக. புதுச் சிமெந்தாயின் 28 நாளேனும் ஆறவிடுக. என்னைக் கேட்டால் சுண்ணாம்பும் காவியுமே போதும் என்பேன். வைகாசிக்குப் பின் பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போகும், போகட்டும். அடுத்த உந்துவப் பூரணைக்கு முன் வேறொரு லயத்துப் பெண்கள் வந்து வேறொரு கோலம் இடுவர். கட்டம் கட்டும் பாடும் இல்லை. இளைஞர்கள் கட்டம் போட்ட தாளைக் கண்டு அத்தாயார், "இது நம்ம புள்ளிதானே" என்றது சரியே. நான்கு கட்டம் கூடும் மூலையில் ஒரு புள்ளி வைத்தால் அதுவே கோலம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மற்றெல்லாம் வெறும் உபசாரம். 331 புள்ளி வைத்துக் கம்பி இழுக்க ஒரு பகல் வேண்டும். வேலைநாளில் வரச்சொன்னால் அவர்களுக்கு அன்றைய பேர் விழாது. அரை நாள் வந்தால் அரைப்பேர். கலைக்காகத் தியாகம் செய் என்று கொழுந்துக் கூடைக்காரியிடம் சொல்லும் உரிமை, மாதச் சம்பளம் வாங்கும் எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமையோ போயா விடுமுறையோ பார்த்து வைப்பதோடு, கோலமிடும் கைக்கு ஒருநாட் கூலியையேனும் விழாச் செலவிலேயே ஒதுக்க வேண்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் மாலைக்கும் பணம் ஒதுக்குகிறோம் அன்றோ? செக்ரோலில் மட்டுமே எழுதப்பட்டுவரும் அவர்கள் பெயரைச் சுவரிலே ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கும் பெருஞ்செலவு ஆகாது. தரையில் வேண்டாம், சுவரில்.

மஸ்கெலியாப் பிரதேச சபையாரை இதன் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இவ்வளவே: வாகனம் ஏறாததும் கடைகள் மறைக்காததுமான இருபது அடிச் சதுரத் தளம் ஒன்றைப் பருவகாலத்துக்கு முன் ஒதுக்கித் தருக. நீர் தேங்காதபடி ஒரு புறம் சற்றே சரிவு இருக்கட்டும். திறப்புவிழாவும் நாடா வெட்டலும் வேண்டா. இளைஞர்கள் விண்ணப்பம் எழுதியுள்ளனர். அதில் எழுத்துப்பிழைகளை நான் திருத்திக் கொடுத்தேன்.

அத்தாயார் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து மாலையில் பிரட்டுக்களத்துக்குப் போகிறார். லயத்தைச் சூழ்ந்த இடங்களுள் பதினைந்து அடி அகலம் உள்ளது அது ஒன்றுதான். அண்டைக் காம்பராப் பெண்கள் இருவர் துணை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரிசிமா சமையலுக்கே போதாதிருந்தபோது பாடசாலையில் மிஞ்சும் வெண்கட்டித் துண்டுகளைப் பொடித்துக் கோலமிடப் பழகியவர்கள் அவர்கள். இப்போதும் வாரந்தோறும் ஒரு பொட்டலம் சேர்த்து அனுப்புகிறேன். முதல் இரண்டு வாரமும் வலப்புற மூலையில் கம்பி கூடவில்லையாம். மூன்றாம் வாரம் நான் சென்று பார்த்தபோது, கொப்பியை மகன் பிடித்துக்கொண்டு நிற்க, பதினேழாம் வரிசை வரை வந்திருந்தார், இருட்டிவிட்டது. திங்கட்கிழமை விடியுமுன், கங்காணி வந்து பேர் கூப்பிடுவதற்குள், அவரே விளக்குமாற்றால் அதைக் கூட்டிவிடுகிறார்.